டி.பி. கூப்பர் குதித்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாராசூட்டில் குதிக்கிறவன் என்று தெரிந்ததும் ஆட்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "பாராசூட் திறக்கலேன்னா?" அதற்கு ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட் இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இரண்டாவது, "அந்த கூப்பர் பிழைச்சிருப்பானா?" இதற்கு ஒரு வரி போதாது. மேகம் தாழ இறங்கி விமானம் கிளம்பாத நாட்களில் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், உட்கார்ந்திருக்கும் ஸ்கைடைவர்கள் கடைசியில் வந்து சேரும் பேச்சே இதுதான். அங்கே காதில் விழுந்த வாதங்களையும், எனக்குத் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களையும் சேர்த்து இங்கே எழுதிவைத்திருக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு இதைக் காட்டிவிடலாம்.

யாரு சார் இந்த கூப்பர்? முதல்லேர்ந்து சொல்லுங்க.

1971 நவம்பர் 24. அமெரிக்காவில் நன்றி நவிலல் பண்டிகைக்கு முந்தைய நாள். போர்ட்லாண்டிலிருந்து சியாட்டிலுக்கு நார்த்வெஸ்ட் ஓரியன்ட் நிறுவனத்தின் 305-ஆம் எண் விமானம், போயிங் 727, கிளம்பியது. அரை மணி நேரப் பயணம்தான். டான் கூப்பர் என்ற பெயரில் ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம், கோட்டு சூட்டு, கறுப்பு டை. போர்பன் விஸ்கி ஒன்று வாங்கிக்கொண்டார். பிறகு பணிப்பெண்ணிடம் ஒரு சீட்டை நீட்டினார். தனியாக வரும் ஆண்கள் ஃபோன் நம்பர் எழுதிக் கொடுப்பது அந்தப் பெண்ணுக்குப் பழகிப்போன தொல்லை. அதனால் பிரிக்காமலே வைத்துக்கொண்டார். அவரோ குனிந்து, அதைப் பாருங்கள், என்னிடம் வெடிகுண்டு இருக்கிறது என்றார்.

கேட்டது 2,00,000 டாலர், நான்கு பாராசூட், சியாட்டிலில் தயாராக ஒரு எரிபொருள் வண்டி. மூன்றும் வந்து சேர்ந்தன. கூடப் பயணம் செய்த 36 பேரையும் இறக்கிவிட்டார். அவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் கடத்தப்பட்டதே இறங்கிய பிறகுதான் தெரியும். விமானிகள் இருவர், பொறியாளர் ஒருவர், பணிப்பெண் டினா மக்லோ ஆகிய நால்வரை மட்டும் வைத்துக்கொண்டு மெக்சிகோ சிட்டிக்குப் போகச் சொன்னார். வழியில் ரீனோவில் எரிபொருள் நிரப்ப இறங்கினார்கள். இறங்கியபோது பின்பக்கப் படிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம், பணத்தையும் காணோம்.

டி.பி.ங்கிறது என்ன இனிஷியல்?

செய்தியாளர் ஒருவரின் பிழை. போர்ட்லாண்டில் டி.பி. கூப்பர் என்று ஒருவர் இருந்தார். ஒருவேளை அவராக இருக்குமோ என்று போலீஸ் விசாரித்து, இல்லை என்று விட்டுவிட்டது. அதற்குள் அந்தப் பெயர் செய்தியில் ஏறிவிட்டது. கடத்தியவர் தன்னை ஒருபோதும் டி.பி. என்று சொல்லிக்கொள்ளவில்லை.

பறக்கிற பிளேன்ல கதவைத் திறந்தா எல்லாரையும் வெளியே உறிஞ்சிடாதா? சினிமால அப்படித்தானே காட்றாங்க?

விமானத்துக்குள் காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றியிருந்தால்தான் அந்த ஆபத்து. கூப்பர் அதைத் தெரிந்தே திட்டம் போட்டிருந்தார். 10,000 அடிக்கு மேல் ஏறக்கூடாது, உள்ளே அழுத்தம் ஏற்றக்கூடாது, சக்கரத்தை உள்ளே மடக்கக்கூடாது, ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகட்டை, 15 டிகிரியில் வைக்க வேண்டும். சக்கரமும் ஃபிளாப்பும் வெளியே இருந்தால் விமானம் வேகமாகப் போக முடியாது. 10,000 அடியில் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். மூச்சுவிட ஆக்சிஜன் முகமூடியும் தேவையில்லை. ஸ்கைடைவர்கள் வழக்கமாக இதைவிடச் சற்று உயரத்திலிருந்தே குதிக்கிறார்கள்.

727-ஐத் தேர்ந்தெடுத்ததும் தற்செயலாக இருக்க முடியாது என்பது ஹேங்கரில் எல்லாக் கட்சியும் ஒப்புக்கொள்ளும் விஷயம். அதன் மூன்று எஞ்சின்களும் வாலை ஒட்டி மேலே இருக்கின்றன. படிக்கட்டு வாலுக்கு அடியில் இறங்குகிறது. குதிப்பவர் எஞ்சினிலும் மாட்டமாட்டார், இறக்கையிலும் மோதமாட்டார். அந்தப் படிக்கட்டைப் பின்னாலிருந்து இறக்கினால் விமானி அறையிலிருந்து தடுக்க வழியில்லை. படிக்கட்டை இறக்கிவைத்தபடியே கிளம்பலாம் என்று கூப்பர் வாதிட்டார். விமான நிறுவனம் ஆபத்து என்றது. சரி, மேலே போய் நானே இறக்கிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டார்.

பெட்டியில நெஜமாவே குண்டு இருந்துச்சா?

கூப்பர் கையோடு கொண்டுவந்த பெட்டியைத் திறந்து காட்டியபோது பணிப்பெண் பார்த்தது சிவப்பு உருளைகள், ஒயர், ஒரு பேட்டரி. டைனமைட் பொதுவாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். சிவப்பு என்றால் சாலையில் எச்சரிக்கைக்காகக் கொளுத்திவைக்கும் ஃப்ளேராக இருக்கலாம் என்று புலனாய்வாளர்களே சொன்னதுண்டு. ஆனால் பெட்டியும் அவரோடு போய்விட்டது.

யாருமே பார்க்கலைன்னா, எந்த நிமிஷம் குதிச்சார்னு எப்படிச் சொல்றாங்க?

கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே டினா மக்லோவை முன்னால் போகச் சொல்லிவிட்டார். ஏறக்குறைய இரவு 8 மணிக்குப் படிக்கட்டு விளக்கு விமானி அறையில் எரிந்தது. 8:13 வாக்கில் வால் பக்கம் ஒரு தூக்கல், காதில் ஓர் அழுத்த மாற்றம். பறக்கும்போது அந்தப் படிக்கட்டைக் காற்று மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆள் இறங்கி நின்றால் அவர் எடையில் தாழும். அவர் போனதும் படக்கென்று மேலே வந்து மோதும். ஓடுகிற பஸ்ஸில் ஃபுட்போர்டு கூட்டம் மொத்தமாக இறங்கியதும் பஸ் ஒரு பக்கம் நிமிருமே, அது மாதிரி.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். அதே விமானத்தை எடுத்துக்கொண்டு போய், படிக்கட்டிலிருந்து 200 பவுண்டு எடையைத் தள்ளிவிட்டார்கள். அதே தூக்கல் வந்தது. அதனால் நேரம் ஓரளவு உறுதி, இடம்தான் தகராறு. மேகத்துக்கு மேலே, இருட்டில், காற்றில் அலைந்தபடி போன விமானத்தின் சரியான பாதையைப் பிற்பாடு கணக்குப் போட்டுத்தான் வரைந்தார்கள். பின்தொடர்ந்து அனுப்பிய எஃப்-106 போர் விமானங்களில் இருந்தவர்களும் எதையும் பார்க்கவில்லை.

300 கிலோமீட்டர் வேகத்துல குதிச்சா காத்தே ஆளைக் கிழிச்சுப் போட்டுடாதா?

ஸ்கைடைவர்கள் சிரிக்கும் இடம் இது. குதிக்காதவர்களுக்கு அமெரிக்க ஸ்கைடைவர்கள் வைத்திருக்கும் கேலிப்பெயர் 'வஃபோ'. எதுக்காக விமானத்திலிருந்து குதிக்கிறீங்க என்று கேட்பவர்கள் என்ற அர்த்தத்தில், கொச்சை உச்சரிப்பிலிருந்து வந்த சொல். வஃபோக்கள் கூப்பர் கதையில் முதலில் பயப்படுவது காற்றுக்குத்தான்.

குப்புற விழும் மனிதன் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் நிலைகொள்வான். தலைகீழாகப் பாய்ந்தால் அதைவிட அதிகம். விமானம் போன வேகம் 300-ஐ ஒட்டி. ஆக, வெளியே வந்ததும் வாங்கும் அடி நாங்கள் தினமும் வாங்குவதைவிடப் பெரியதுதான், ஆனால் ஆளைப் பிய்க்கும் அளவுக்கு இல்லை. சில நொடிகளில் வேகம் தானாகக் குறைந்துவிடும். 1990-களில் இல்லினாயின் குவின்சியில் நடந்த ஸ்கைடைவர் கூட்டத்தில் 727-ன் பின்படிக்கட்டு வழியாகப் பலர் காசு கொடுத்து, வரிசையில் நின்று குதித்தார்கள். காற்றை நினைத்துப் பயப்படுவதை அதோடு விட்டுவிடலாம். பயப்பட வேண்டியது கீழே; அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஸ்கைடைவர்ஸ் தங்களுக்குள்ள இதைப் பத்தி என்னதான் பேசிக்குவாங்க?

பாதி கிண்டல்தான். எங்கள் உலகத்தில் எதையாவது முதல்முறை செய்தால் எல்லாருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்று எழுதாத சட்டம் உண்டு. முதல் ஜெட் குதிப்பு, முதல் இரவுக் குதிப்பு, முதல் மழைக் குதிப்பு, முதல் காட்டு இறக்கம் என்று கணக்குப் போட்டு, கூப்பர் இன்னும் எத்தனை பெட்டி பாக்கி என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர், குதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் புக்கில் சாட்சிக் கையெழுத்து இல்லாததால் அந்தக் குதிப்பே செல்லாது என்பார். மூன்றாமவர், திறந்த வேகத்தில் ஷூ இரண்டும் பறந்திருக்கும், ஆள் வெறுங்காலோடு இறங்கியிருப்பார் என்று ஆரம்பிப்பார். லேஸ் இல்லாத லோஃபர் ஷூ போட்டிருந்ததாகச் சொல்கிறார்கள்.

மிச்சப் பாதி உண்மையான சண்டை. 'கயிற்றை இழுக்கவே இல்லை' கட்சி, 'இழுத்தார், ஆனால் காட்டில் செத்தார்' கட்சி, 'வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்' கட்சி. குதித்த எண்ணிக்கை கூடக் கூட ஆட்கள் மூன்றாவது கட்சிக்கு நகர்வதைக் கவனித்திருக்கிறேன். தனக்குச் சாதாரணமாகிவிட்டதை எல்லாருக்கும் சாதாரணம் என்று நினைத்துக்கொள்கிற கோளாறு அது. எனக்கும் உண்டு.

அவர் கைதேர்ந்த ஸ்கைடைவரா, கத்துக்குட்டியா?

பெரிய சண்டை இதில்தான். கொண்டுவந்து கொடுத்த நான்கில் இரண்டு முதுகில் மாட்டும் பிரதான பாராசூட். இரண்டு மார்பில் மாட்டும் ரிசர்வ். பிரதானத்தில் ஒன்று விளையாட்டுக்கான நல்ல பாராசூட். மற்றது விமானி ஆபத்தில் தப்பிக்கக் கட்டிக்கொள்ளும் ராணுவ வகை. கூப்பர் எடுத்தது ராணுவ வகையை. ரிசர்வ் இரண்டில் ஒன்று வகுப்பில் காட்டுவதற்காகத் தைத்து மூடிய போலி. அவசரத்தில் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. நல்ல ரிசர்வைப் பிரித்து, அதன் கயிறுகளை வெட்டியிருந்தார். பணப் பையைக் கட்டுவதற்கு என்று நம்புகிறார்கள். விமானத்தில் இல்லாமல் போனது அந்தப் போலி.

'கத்துக்குட்டி' என்பவர்களுக்கு இது போதும்: நல்லதை விட்டார், போலியை எடுத்தார், மழையில் கோட்டு சூட்டோடு குதித்தார். வழக்கை விசாரித்த அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யும் கடைசிக் காலத்தில் இந்தப் பக்கம் சாய்ந்தது. எதிர்க்கட்சியின் பதிலும் லேசானதல்ல. ராணுவ வகைதான் வேகமான விமானத்திலிருந்து குதிப்பதற்கென்றே செய்தது. மேலும் அதன் ஹார்னஸில், அதாவது உடம்பில் கட்டும் வார்ப்பட்டையில், ரிசர்வை மாட்டும் வளையமே கிடையாது. ஆக, போலியோ அசலோ, அந்த ரிசர்வ் அவருக்குப் பயன்பட்டிருக்கப் போவதில்லை. சாமான் வைக்கும் பையாக எடுத்திருப்பார் என்று ஒரு யூகமும் உண்டு.

என் கணிப்பு: ராணுவப் பாராசூட்டைத் தொட்டுப் பழகியவர், ஆனால் வார இறுதியில் குதிக்கும் எங்களைப் போன்ற ஆள் இல்லை. மாட்டும்போது தடுமாறவில்லை என்று டினா மக்லோ சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கூடவே கொடுத்த விளக்கத் தாளும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஒரு ஆளுக்கு எதுக்கு நாலு பாராசூட்?

ஒன்று மட்டும் கேட்டிருந்தால் கெட்டுப்போனதைக் கொடுத்து அனுப்பலாமே. நான்கு கேட்டால், பணிக்குழுவில் யாரையாவது கூட இழுத்துக்கொண்டு குதிப்பாரோ என்ற பயத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள். மொத்தத் திட்டத்திலேயே இதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

சரி, காத்து ஒண்ணும் பண்ணலை, பாராசூட்டும் திறந்துச்சுன்னு வைங்க. அப்புறம் என்ன பிரச்சினை?

அப்புறம்தான் பிரச்சினையே. வெளியே மைனஸ் 7 டிகிரி. மழை, அடுக்கடுக்காக மேகம், கும்மிருட்டு. நான் இரவில் குதித்தது இரண்டே முறை. இரண்டு முறையும் உடம்பில் விளக்கு கட்டி, கீழே வட்டமாக விளக்கு வைத்து, நிலாவும் இருந்தது. அப்படியும் தரை எங்கே வருகிறது என்று கடைசி நொடிவரை பிடிபடவில்லை. கூப்பருக்குக் கீழே இருந்தது வாஷிங்டன் மாநிலத்தின் தென்மேற்குக் காடு. ஏரியல் என்ற சிற்றூர், மெர்வின் ஏரி, எங்கும் உயரமான டக்ளஸ் ஃபர் மரங்கள். அந்தக் கால வட்டப் பாராசூட்டை விரும்பிய பக்கம் திருப்ப முடியாது, காற்று கொண்டுபோன இடம்தான். அந்த மாதிரிக் காட்டில் தீயணைக்கக் குதிப்பவர்கள் மரத்தில் சிக்கினால் இறங்குவதற்கென்றே நீளமான கயிறு வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, இடுப்பில் பத்து கிலோ. 20 டாலர் நோட்டுகள் 10,000. ஏறக்குறைய ஒரு பத்து கிலோ அரிசிப் பை. சரியாகக் கட்டாத பை வெளியே வந்ததும் காற்றில் சுழலும், ஆளையும் சுழற்றும். மேகத்துக்குள் சுழன்றுகொண்டே கைப்பிடியைத் தேடுவது எனக்குப் பிடித்தமான கற்பனை அல்ல.

இவனைப் பார்த்து வேற யாரும் முயற்சி பண்ணலையா? அவங்க என்ன ஆனாங்க?

பிழைத்திருக்கலாம் என்பவர்களின் துருப்புச்சீட்டே இதுதான். 1972-ல் மட்டும் ஐந்து பேர் இதே பாணியில் விமானத்தைக் கடத்திப் பணத்தோடு குதித்தார்கள். ஐந்து பேரும் உயிரோடு தரையிறங்கினார்கள், ஐந்து பேரும் மாட்டினார்கள். ஒருவர் ஹோண்டுராஸ் காட்டில் இறங்கிச் சில வாரம் கழித்துத் தானே சரணடைந்தார். இன்னொருவர் நெவாடாவில் தப்பிப்பதற்காகக் காரை முன்கூட்டியே நிறுத்திவைத்திருந்தார். காரில் அமெரிக்கப் பாராசூட் சங்க உறுப்பினர் என்ற ஸ்டிக்கர். போலீஸ் அந்தக் காரின் பக்கத்தில் காத்திருந்தால் போதுமாக இருந்தது. ஹேங்கரில் இதைச் சொன்னால் இன்றும் சிரிப்பு அடங்க நேரமாகும்.

மார்ட்டின் மெக்நேலி கதை எல்லாவற்றையும்விட முக்கியம். அதுவரை பாராசூட்டில் குதித்ததே இல்லாதவர். ஜூன் மாதம் 727-லிருந்து இண்டியானா மேல் இருட்டில் குதித்தார். ஆள் பிழைத்தார், 5,00,000 டாலர் இருந்த பை மட்டும் காற்றில் பிய்ந்து போய் ஒரு வயலில் விழுந்தது. கூப்பரின் பணத்தைப் பற்றிப் பேசும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பணம் கடைசியில கிடைச்சுதா இல்லையா?

கொஞ்சம். 1980 பிப்ரவரியில், கொலம்பியா ஆற்றங்கரையில் டீனா பார் என்ற மணல் திட்டில், அடுப்பு மூட்ட மணலை ஒதுக்கிய 8 வயதுச் சிறுவன் கையில் மூன்று கட்டுகள் அகப்பட்டன. மொத்தம் 5,800 டாலர், ஓரமெல்லாம் அரித்துப்போய். நோட்டு எண்கள், பணத்தைக் கொடுக்கும் முன்பே குறித்துவைத்த பட்டியலோடு சரியாகப் பொருந்தின. விடை கிடைத்துவிட்டது என்று பார்த்தால் புதிர் இரட்டிப்பானது. இடம், நினைத்த பாதையிலிருந்து தள்ளி இருந்தது. ரப்பர் பேண்டுகள் அப்படியே இருந்தன. ஆற்றில் வருடக்கணக்காக உருண்டு வந்திருந்தால் ரப்பர் தாங்காது. பிற்பாடு நோட்டுகளில் ஒட்டியிருந்த நுண்பாசியை ஆராய்ந்தவர்கள், அது வசந்த காலத்தில் ஆற்றில் பெருகும் வகை என்றார்கள். அப்படியானால் நவம்பர் இரவில் நேராக ஆற்றில் விழவில்லை, மாதங்கள் கழித்தே நனைந்திருக்கிறது.

மிச்ச 9,710 நோட்டுகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. எண்களை அச்சிட்டு வெளியிட்டு, செய்தித்தாள்கள் ஒரு நோட்டுக்கு 5,000 டாலர் வரை பரிசு அறிவித்தும் வரவில்லை.

ரிச்சர்ட் மக்காய்தான் கூப்பர்னு இப்ப எல்லாரும் சொல்றாங்களே?

முன்னே சொன்ன ஐவரில் ஒருவர் மக்காய். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், ஸ்கைடைவர். 1972 ஏப்ரலில் இதே 727 பாணியில் 5,00,000 டாலரோடு யூட்டாவில் குதித்தார், இரண்டே நாளில் பிடிபட்டார். சிறையிலிருந்து தப்பி, 1974-ல் எஃப்.பி.ஐ.யுடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்தார். அவர் குடும்பத்திடம் இருந்த ஒரு பாராசூட்டை வைத்து 2024-ல் பேச்சு மறுபடி சூடு பிடித்தது.

நான் நம்பவில்லை. 1971 நவம்பரில் மக்காய்க்கு 28 வயது. கூப்பரோடு மணிக்கணக்கில் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னது நாற்பதுகளின் நடுவில் என்று. ஒரே பாணி என்பது ஒரே ஆள் என்பதற்குச் சாட்சியாகாது. மற்ற நால்வரும் அதே பாணிதானே.

காட்டுல ஒரு பாராசூட் கிடைச்சதா படிச்சேனே?

2008-ல் ஏம்பாய் என்ற ஊரருகே மண்ணுக்குள்ளிருந்து ஒன்று எடுத்தார்கள். கூப்பருக்குப் போன பாராசூட்களை மடித்துக் கொடுத்த ஏர்ல் காசியிடம் காட்டினார்கள். இது பட்டு, நான் கொடுத்தது நைலான், இது அதுவல்ல என்றார். அத்தோடு நிற்கவில்லை, அன்று ஏப்ரல் முதல் தேதி. ஃபோன் செய்த செய்தியாளர்கள் சிலரிடம், ஆமாம் அது கூப்பருடையதேதான் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார். ஸ்கைடைவரிடம் தகவல் கேட்பவர்கள் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

டையில டைட்டானியம் இருந்துச்சாமே. அப்போ போயிங்ல வேலை பார்த்த ஆளா?

குதிக்கும் முன் கழற்றிப்போட்ட டை அது, கிளிப் வைத்து மாட்டும் வகை. அதில் கலப்பில்லாத டைட்டானியத் துகள்கள் இருந்ததைத் தன்னார்வ ஆய்வாளர்கள் கண்டார்கள். 1971-ல் அது அபூர்வமான உலோகம், சில ஆலைகளில் மட்டும் புழங்கியது. டை கட்டிக்கொண்டு ஆலைக்குள் போகிறவர் என்றால் பொறியாளரோ மேலாளரோ. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டையைப் பழைய துணிக் கடையில் வாங்கியிருந்தால்? அப்போது நாம் துரத்துவது டையின் முதல் சொந்தக்காரரை.

டான் கூப்பர் என்ற கனடிய விமானப்படை வீரரை வைத்து பெல்ஜியத்திலிருந்து பிரெஞ்சுப் படக்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. அது ஆங்கிலத்தில் வரவில்லை. அதனால் ஆள் கனடாக்காரர், இல்லை ஐரோப்பாவில் இருந்த ராணுவத்தார் என்று ஒரு கோஷ்டி. டைட்டானியத்தைவிட எனக்கு இது பிடிக்கும். கூப்பர் என்பது அமெரிக்காவில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும் பெயர் என்பதுதான் சங்கடம்.

அப்போ நீங்க எந்தக் கட்சி?

இழுத்தார், பாராசூட் திறந்தது. பை வழியிலேயே போனது, மெக்நேலிக்குப் போன மாதிரி. ஒரு நோட்டுகூடச் செலவாகாததற்கு அதுதான் எளிய விளக்கம். தரையில் பிழைத்தாரா என்றால், பாதிக்குப் பாதி. ராணுவ வீரர்களை வைத்து 1972 வசந்தத்தில் வாரக்கணக்கில் தேடியும் உடலோ துணியோ கிடைக்கவில்லை என்பது பிழைத்ததற்குச் சாட்சி மாதிரித் தெரியும். ஆனால் தேடிய இடமே சரிதானா என்ற சந்தேகத்தை மேலே சொன்னேன். எஃப்.பி.ஐ. 2016-ல் வழக்குக் கோப்பை ஓரமாக வைத்துவிட்டது.

இப்ப யாராவது அதே மாதிரி குதிக்க முடியுமா?

பயணி விமானத்தில் முடியாது. 1972-லிருந்து 727-களில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சின்னத் தகடு ஒன்று பொருத்தினார்கள். தரையில் அது சும்மா இருக்கும். பறக்கும்போது காற்று அதைத் திருப்பிப் படிக்கட்டைத் திறக்கவிடாமல் பூட்டும். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. அதன் பெயரே 'கூப்பர் வேன்' (vane, காற்றில் திரும்பும் தகடு).

எங்க தாத்தா சாகும்போது நான்தான் கூப்பர்னு சொல்லிட்டுப் போனார்னு ஒருத்தர் சொல்றார். எப்படிச் சோதிக்கிறது?

இப்படிச் சொன்னவர்கள் ஏராளம். மனைவியிடம், மகளிடம், பக்கத்துக் கட்டில் நோயாளியிடம். முகச் சாயல், ராணுவச் சேவை, திடீர்ப் பணம், நன்றி நவிலல் நாளன்று வீட்டில் இல்லாதது எல்லாம் வரிசையாக வரும். அவை பல்லாயிரம் பேருக்குப் பொருந்தும். விமானத்தில் என்ன நடந்தது என்ற விவரமெல்லாம் எப்போதோ அச்சில் வந்துவிட்டதால் அதுவும் உதவாது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பெரும்பாலானவை 'எல்' எழுத்தில் தொடங்கும் 20 டாலர் நோட்டுகள். பட்டியல் அச்சில் இருக்கிறது. அதில் ஒன்றைத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.